ஸ்டென்ட் வைத்தவருக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு: எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

பாளை மீனா:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 52 வயது. போன மாதம் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாய் அடைப்பை விரித்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் வ.உ.சி. மைதானத்தில் மெதுவாக நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை இல்லை, பிரஷர் கொஞ்சம் உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு உணவுத்தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி, சால்மன் மீன் என்று எழுதியிருக்கிறது. தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேருக்கும் ஒரே உலைதான். அவருக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தால் முகம் சுண்டிப்போகிறது. பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் இட்லி அல்லது தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, சாம்பார் அல்லது புளிக்குழம்பு, ஒரு பொரியல், அப்பளம். ராத்திரி மறுபடியும் தோசை. ஞாயிற்றுக்கிழமை மீன் அல்லது கோழி. விசேஷம் என்றால் தேங்காய்ப் பாலில் வைக்கிற சொதி. தினமும் ஒரு தேங்காய் உடைக்கிற வீடு. சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் பாதி, கடலை எண்ணெய் பாதி.

இதை வைத்துக்கொண்டே அவருக்கு நல்லதாக எப்படிச் சமைப்பது? தேங்காயை அடியோடு நிறுத்த வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுபா, சுரண்டை:

மீனா அக்கா, நான் உணவியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அவருடைய ரத்தப் பரிசோதனையை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அவரைப் பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

முதலில் ஓட்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் நமக்கு வேண்டியது கரையும் நார்ச்சத்து. அது குடலில் கூழ் மாதிரி ஆகி, பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஈரல் மறுபடி பித்தம் சுரக்க ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். குறைவது அந்த வழியில்தான். இந்த வேலையைச் செய்ய ஓட்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. காணம் (கொள்ளு), தட்டப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம், வெண்டைக்காய், சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), கொய்யா எல்லாவற்றிலும் அந்தச் சத்து இருக்கிறது. எல்லாமே பாளை மார்க்கெட்டில் கிடைப்பதுதான்.

அப்புறம் உங்கள் பட்டியலைப் பார்த்தால், மூன்று வேளையும் அரிசி. காய் என்பது மதியம் ஒரு கரண்டிப் பொரியல் மட்டும். நான் முதலில் கை வைப்பது இங்கேதான், தேங்காயில் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, சேனை, மரச்சீனி (மரவள்ளி) எல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஐந்து பேர் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 2 கிலோ. இப்போது உங்கள் பையில் எவ்வளவு வருகிறது என்று ஒருநாள் நிறுத்துப் பாருங்கள்.

உப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம்தான். ஐந்து பேருக்கு 25 கிராம். அப்படியானால் 1 கிலோ பாக்கெட் 40 நாள் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், மிக்சர், பிஸ்கட்டில் இருக்கும் உப்பையும் சேர்த்துத்தான் அந்த 5 கிராம். ஆகவே 40 நாளுக்கும் மேல் வந்தால்தான் சரி. எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தால் உங்கள் வீட்டுக்கு இரண்டரை லிட்டர். பாக்கெட் வாங்கிப் பிரிக்கிற அன்றைக்குக் காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் அளந்துகொண்டிருப்பதைவிட இது சுலபம்.

52 வயதிலேயே வந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கும். இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டாருக்கு 59 என்று 2007ல் வெளியிட்டார்கள். தினமும் காயும் பழமும் சாப்பிடுகிற வழக்கம் நம் பக்கத்தில் குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இப்போது மாற்றிவிடுங்கள். தனிக் கிண்ணமே வேண்டாம், வீடு முழுக்க ஒரே சாப்பாடு.


செக்கு முருகன்:

நான் ஆலங்குளம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் விற்கிறவன் பேச்சு என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேங்காயில் கொலஸ்ட்ராலே கிடையாது. இது யாரும் மறுக்க முடியாத உண்மை. கொச்சியில் இதய நோயாளிகளை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள், 2016ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. நம் தாத்தா பாட்டி எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான் வாழ்ந்தார்கள். ஆலிவ் எண்ணெய் லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கச் சொல்கிறவர்கள், நம் தோப்பில் காய்த்த தேங்காயை விஷம் மாதிரிப் பேசுவது எனக்கு மனசுக்கு ஆறவில்லை.


சுபா, சுரண்டை:

முருகன் அண்ணே, நீங்கள் சொன்ன கொச்சி ஆய்வு உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதில் இருந்த 200 பேரும் முறையாக இதய சிகிச்சையில் இருந்தவர்கள், கொழுப்பு மாத்திரை உட்பட. அந்த மாத்திரை எல்.டி.எல்.லை அழுத்திப் பிடித்திருக்கும்போது எண்ணெயின் வித்தியாசம் வெளியே தெரிவது கஷ்டம். எண்ணிக்கையும் சின்னது. 2020ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி மாதிரியான தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது என்று வந்தது. நல்ல கொழுப்பும் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் அதை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரும்பாலான ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை.

கொலஸ்ட்ரால் இல்லை என்பதும் சரி. ஆனால் ரத்தத்தில் ஏறுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் ஈரலே செய்வது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால், ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஈரலின் வேகம் குறைந்துவிடும். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அந்தக் கொழுப்பு. ரேஷன் பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆகவே ஆலிவ் எண்ணெய் யாருக்கும் வேண்டாம். உங்கள் செக்கிலேயே ஆட்டுகிற நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தாராளமாகப் போதும். நீங்களே நல்ல எள் வாங்கி ஆட்டிக் கொடுத்தால் நான் என் நோயாளிகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

மீனா அக்கா, தேங்காய்க்கு வருகிறேன். 100 கிராம் துருவலில் 33 கிராம் கொழுப்பு, அதில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்றது. நார்ச்சத்தும் 9 கிராம் இருக்கிறது, அதனால் எண்ணெயும் துருவலும் ஒன்றல்ல. ஆனால் இதய நோய் வந்தவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் நிறைவுற்ற கொழுப்பு 11 முதல் 13 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டல். பால், தயிர், மீன், எண்ணெயிலிருந்தும் கொஞ்சம் வரும். அவர் பங்குக்கு ஒரு நாளைக்கு இரண்டு தேக்கரண்டித் துருவல் என்று வையுங்கள். வீட்டுக்குத் தினமும் ஒரு தேங்காய் என்பதை ஒரு மூடி ஆக்கி, பிறகு அதிலும் பாதி ஆக்கலாம். தாளிக்க நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெயை அவியலில் கடைசியாக வாசத்துக்கு அரைத் தேக்கரண்டி விடுவதோடு நிறுத்துங்கள்.


அம்பை பெரியவர்:

தாத்தா பாட்டியை இழுத்ததால் சொல்கிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மூடித் தேங்காயை ஒன்பது பேருக்கு அரைத்தார்கள். பலகாரம் என்பது தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்தான். எண்ணெய் கிண்ணத்தில் வந்தது, டின்னில் வரவில்லை. சோறு நிறையச் சாப்பிட்டார்கள், உண்மை. ஆனால் விடிகாலை வயலுக்குப் போனால் இருட்டும் வரை குனிந்து நிமிர்கிற வேலை. அந்தச் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த உழைப்பை விட்டுவிட்டோம். தம்பி முருகன் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீனா அம்மா, எங்கள் வீட்டில் நான் கேட்டுச் சாப்பிடுகிற இரண்டு சாப்பாட்டைச் சொல்கிறேன்.

ஒன்று உளுந்தஞ்சோறு. தொலியோடு இருக்கிற கருப்பு உளுந்தை உடைத்து வறுத்து, அரிசி ஒரு பங்குக்கு உளுந்து அரைப் பங்கு என்று ஊரில் போடுவார்கள். என் மருமகள் இப்போது சரிக்குச் சரி போடுகிறாள். நிறையப் பூண்டு, வெந்தயம் ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட, சீரகம், பெயருக்குத் தேங்காய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வறுத்த எள், மிளகாய் வத்தல், புளி, உப்பு. அதில் தேங்காயே தேவையில்லை, எள்ளின் எண்ணெயே பசை கொடுத்துவிடும். ஒரு கை அளவு சாப்பிட்டால் ராத்திரி வரை பசிக்காது.

இன்னொன்று கூட்டாஞ்சோறு. இதுதான் உங்களுக்கு ரொம்பத் தோது. ஒரே பானையில் அரிசியும் துவரம் பருப்பும் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரை, மாங்காய், கடைசியில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. அரிசியைக் குறைத்துக் காயைக் கூட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்குப் பருப்பு, மூன்று ஆழாக்கு நறுக்கின காய். இதற்கு அப்பளம், வடகம் பொரித்துத்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிப்பார்கள். சுட்ட அப்பளம் ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள்.


கல்லிடை ராஜம்:

பெரியவர் சுட்ட அப்பளம் என்றதும் வந்தேன். எங்கள் ஊர் அப்பளம் ஊருக்குப் பெருமை, எனக்கும்தான். ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்கு எண்ணெயில் பொரிக்காமல் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. எண்ணெய்தான் போகும், உப்பு போகாது. அப்பள மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்துத்தான் பிசைவோம், அந்தக் காரத்திலும் சோடியம் உண்டு. என் தம்பிக்கு பிரஷர் வந்தபிறகு வாரத்தில் இரண்டு நாள் அப்பளம் என்று ஆக்கிவிட்டோம், மற்ற நாளில் வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறோம்.

மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு இவற்றுக்கும் இதேதான். இந்துப்பு நல்லது என்று சிலர் இரட்டிப்பாகப் போடுகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். தூத்துக்குடி உப்போ இமயமலை உப்போ, அளவு ஒன்றுதான்.


சுபா, சுரண்டை:

ராஜம் அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். இதோடு இன்னொன்று. சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் வருகிறது. சீனாவில் செய்த பெரிய ஆய்வில் அந்த உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது என்று 2021ல் வந்தது, அதனால் நல்ல பெயர். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களும், சில பிரஷர் மாத்திரைகளும் இதய மாத்திரைகளும் சாப்பிடுகிறவர்களும் அதை எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பலருக்கு அப்படிப்பட்ட மாத்திரை கொடுத்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உப்பு குறைந்தால் ருசி போய்விடும் என்ற பயம் முதல் இரண்டு மூன்று வாரம்தான். நாக்கு பழகிவிடும். அதுவரை எலுமிச்சை, புளி, மிளகு, இஞ்சி, வறுத்த சீரகம் இவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.


தவசுப்பிள்ளை மகன்:

எங்கள் அப்பா கல்யாண வீட்டுத் தவசுப்பிள்ளை, இப்போது நான் பார்க்கிறேன். சொதி பற்றிக் கேட்டீர்கள் அக்கா. மறுவீட்டுக்கு நாங்கள் செய்கிற சொதியில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் எடுப்போம். நூறு பேர் பந்திக்கு எத்தனை காய் உடைக்கிறோம் என்று சொன்னால் சுபா தங்கச்சி கோபித்துக்கொள்ளும். அதை ஸ்டென்ட் வைத்தவர் வாரம் ஒருமுறை சாப்பிட முடியாது, நானே சொல்கிறேன்.

ஆனால் என் அண்ணனுக்கும் இதே பிரச்சினை வந்தபோது வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தோம். சொதிக்குக் கனம் கொடுப்பது தேங்காய்ப் பால் மட்டும் இல்லை, சிறுபருப்பும்தான். பருப்பை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து, லேசாக வறுத்து, குழைய வேகவைத்து மத்தால் நன்றாக மசியுங்கள். பீன்ஸ், கேரட், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சை மிளகாய். உருளைக்கிழங்கைக் குறையுங்கள். காயை மூன்றாம் பாலுக்குப் பதில் பருப்புத் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். கடைசியில் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கால் மூடித் தேங்காயின் பால், அவ்வளவுதான். பால் விட்டதும் கொதிக்க விடாமல், நுரை கூடி வரும்போதே இறக்கி இஞ்சிச் சாறும் எலுமிச்சம்பழமும் விட வேண்டும். அந்த இஞ்சி வாசம்தான் சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ் வேண்டாம்.

பந்திக்கு வைக்கிற சொதி மாதிரி இருக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் அண்ணன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.


உவரிக்காரன்:

சால்மன் எதற்கு? எங்கள் கரையில் ஏறுகிற சாளையிலும் (மத்தி) அயிலையிலும் (கானாங்கெளுத்தி) இருக்கிற மீன் கொழுப்பு அதற்கு இளைத்தது இல்லை. சாளை விலையும் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் போதும். ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று.

இரண்டு விஷயம். பொரித்தால் எண்ணெய் மீனுக்குள் போகும், மீனின் நல்ல கொழுப்பு சட்டிக்கு வரும். சாளையைப் புளி, மிளகாய், பூண்டு போட்டு மண்சட்டியில் அவித்து வற்றவிடுவது எங்கள் வீட்டு வழக்கம், தேங்காய் அரைக்கவே மாட்டோம். பொரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டி எடுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும், ஆட்கள் கருவாட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நாளில் நாட்டுப்படகு மீன் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பயறு போதும். கருவாடு இவருக்கு வேண்டாம்.

பாளையில் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருந்தால் விட்டுவிடுங்கள்.


லோடு வண்டி செல்வம்:

வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. நான் வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில். ராத்திரி எந்தக் கடையில் நிறுத்தினாலும் புரோட்டாவும் சால்னாவும்தான். எனக்கு 44 வயது, கொழுப்பு கூட இருக்கிறது என்று போன பரிசோதனையில் சொன்னார்கள். எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.


சுபா, சுரண்டை:

செல்வம் அண்ணே, இந்த வயதிலேயே கேட்டீர்களே, அதுவே நல்லது.

புரோட்டாவில் மைதா மட்டும் பிரச்சினை இல்லை. மாவு பிசைய, தட்ட, கல்லில் போட என்று மூன்று இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. அது வனஸ்பதியா, பாமாயிலா, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயா என்று நமக்குத் தெரியாது. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இதயத்துக்குக் கெடுதலான செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. முன்பைவிட நிலைமை பரவாயில்லை. ஆனால் காய்ந்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சினால் கெட்டதெல்லாம் அதிலேயே சேரும்.

கடையில் இட்லி, இடியாப்பம், ஆப்பம், சப்பாத்தி எது கிடைத்தாலும் புரோட்டாவைவிட நல்லது. அவித்த முட்டை ஒன்று, சாம்பார் இரண்டு கரண்டி. சால்னாவை ஊற்றிக் குழைக்காமல் தொட்டுச் சாப்பிடுங்கள். வண்டியில் வறுத்த வேர்க்கடலை உப்பில்லாமல் ஒரு டப்பா, கொய்யாப்பழம், வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பசி முற்றிப்போய்க் கடையில் உட்கார்ந்தால் நான்கு புரோட்டா இறங்கிவிடும், அதுதான் காரணம். புகைப் பழக்கம் இருந்தால், சாப்பாட்டை மாற்றுவதற்கும் முன்னால் அதை நிறுத்துங்கள்.


மேலப்பாளையம் காதர்:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு பைபாஸ் ஆனது. நோன்பு மாதத்தில்தான் எங்களுக்குக் குழப்பம். கஞ்சியை விடவும் முடியாது. ஆட்டுக்கறிக் கொழுப்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் எலும்பில்லாத கறியும் சிறுபருப்பும் வெந்தயமும் கேரட்டும் கூட்டி, தேங்காய்ப் பாலைப் பெயருக்கு விட்டுச் செய்கிறோம். கூடவே வைக்கிற வடை, சமோசா, பஜ்ஜியை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். பேரீச்சம்பழம் இரண்டு, தர்பூசணி, கஞ்சி, தொழுகைக்குப் பிறகு சாப்பாடு. இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்பதை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பிரியாணி மாதம் ஒருமுறை. அன்றைக்கு மற்ற வேளை எல்லாம் காயும் மோரும்.


பாளை மீனா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அந்தப் பருப்புச் சொதி செய்தேன். மாமியார் வாய் திறந்து குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அதுவே பெரிய பாராட்டு. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி. என் மதினி வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறோடு ஆப்பிள் சீடர் வினிகர் சேர்த்துக் காய்ச்சி, தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்று. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதிலிருந்து கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஆரம்பித்துவிட்டார். இன்னொன்று, சீனியை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறினால் அல்வா, உளுந்தங்களி எல்லாம் சாப்பிடலாமா?


எஸ்தர், செவிலியர்:

மீனா, நான் இதய வார்டில் வேலை பார்த்தவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன் மேல் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினும் கூட இன்னொரு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுத்திவிட்டு, ஸ்டென்ட்டே அடைத்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்பு மாத்திரையும் அப்படியே. ரிப்போர்ட்டில் எண் குறைந்தது மாத்திரையால், அதனால் எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை விடக்கூடாது. ரத்தக் குழாயில் வருஷக்கணக்காகப் படிந்ததைப் பூண்டும் வினிகரும் கரைக்காது. பூண்டைக் குழம்பில் போடுங்கள், நல்லதுதான். உங்கள் மதினி அன்பால்தான் அனுப்பியிருப்பார். சண்டை வேண்டாம், டாக்டர் மாத்திரையை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

மாத்திரை சாப்பிட்டு உடம்பு வலி என்றால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.


சுபா, சுரண்டை:

எஸ்தர் அக்கா சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கருப்பட்டியும் சர்க்கரைதான் அக்கா. கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணம் உண்டு, ஆனால் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். கருப்பட்டிக் காப்பி என்று நாலு தடவை குடித்தால் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறும். உளுந்தங்களியில் உளுந்து நல்லது, நல்லெண்ணெயும் பரவாயில்லை, கருப்பட்டியைப் பாதியாக்கி வாரம் ஒருநாள் ஓர் எலுமிச்சை அளவு உருண்டை சாப்பிடலாம். அல்வாவுக்கு அந்த வசதியும் இல்லை. கோதுமைப் பால், சீனி, நெய், அவ்வளவுதான். டவுனுக்குப் போனால் நூறு கிராம் வாங்கி ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் கிலோக் கணக்கில் வைக்காதீர்கள். வெளியூர் சொந்தத்துக்கு வாங்கினால் அன்றைக்கே பார்சல் அனுப்பிவிடுங்கள்.


களக்காடு தேவி:

நடுவில் வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என் அம்மாவுக்கு வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. கீரையே தொடக்கூடாது என்று ஒருவர் சொல்கிறார், தினமும் சாப்பிடு என்று இன்னொருவர். எது சரி?


எஸ்தர், செவிலியர்:

தேவி, செயற்கை வால்வுக்கு வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுத்திருந்தால் உங்கள் கேள்வி ரொம்பச் சரியானது. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடுகிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரலுக்கு இது பொருந்தாது, அதனால் மீனா வீட்டில் கீரை தாராளமாகச் சாப்பிடலாம்.

கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது உங்கள் அம்மா மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஏறி இறங்கக்கூடாது, அதுதான். வாரம் இரண்டு நாள் ஒரு கிண்ணம் என்றால் எப்போதும் அதே இரண்டு நாள், அதே கிண்ணம். முருங்கைக்கீரை மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வாரம் முழுக்க ஆக்கிப்போடுவதும், அடுத்த வாரம் மருந்துக்குக்கூட இல்லாமல் விடுவதும்தான் ஆபத்து. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது அம்மா சாப்பிடுகிற கீரை அளவைச் சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி மாத்திரை அளவை வைத்துத் தருவார்கள்.


பாளை மீனா:

சுபா, கடைசியாக ஒன்று. மார்க்கெட்டில் சிறுகிழங்கு வந்திருக்கிறது. அவருக்கு உயிர். கொடுக்கலாமா?


சுபா, சுரண்டை:

கொடுங்கள் அக்கா. காய்க் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறையட்டும். சாக்கில் போட்டுத் தேய்த்துத் தொலி எடுத்து, மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டு வேகவைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வத்தல், பூண்டு தாளித்துப் புரட்டுங்கள். பக்கத்தில் சீனியவரைக்காய் பொரியலும் காணத் துவையலும் வையுங்கள்.